பொட்டுக்குக் கீழேதான் இருந்தது

இன்று காலை என் பேத்தி தன் புது மோட்டார் சைக்கிளை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். ஆயுத பூஜை. திண்டிவனத்தில் வேலை பார்க்கிறவள், விடிந்ததும் கிளம்பி வந்திருக்கிறாள். இறங்கின கையோடு சந்தனக் கிண்ணத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். "தாத்தா, மொத பொட்டு நீ வை. மீட்டர் கண்ணாடியில வை, அதான் வண்டிக்கு மூஞ்சி மாதிரி இருக்குது."

விரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு குனிந்தேன். வண்டி நின்றுவிட்டது, சாவியும் அவள் கையில்தான் இருந்தது. ஆனால் உள்ளே ஏதோ விர்ரென்று சுற்றிக்கொண்டே இருந்தது. கூடவே சூடான இரும்பும் தித்திப்பான ஏதோ ஒரு மருந்தும் சேர்ந்த வாடை. "இன்னாம்மா சத்தம் இது?" என்றேன். "ஃபேன் தாத்தா. இன்ஜினை நிறுத்தின பிறகுதான் சூடு இன்னும் கொஞ்சம் ஏறும். அதை எறக்கறதுக்கு அதுவே சுத்தும்."

இன்ஜினை நிறுத்திய பிறகுதான் சூடு ஏறும். பஸ் ஓட்டின உனக்கு அது தெரியும். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

என் விரல் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் அப்படியே நின்றுவிட்டது. "இன்னா தாத்தா, கண்ணு தெரியலையா?" என்று அவள் சிரித்தாள். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று வந்து உட்கார்ந்துவிட்டேன். சந்தனம் விரலில் காய்ந்து வெடித்துவிட்டது. இன்னும் கழுவவில்லை. அதே விரலால்தான் பேனாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. நீ இருந்தவரைக்கும் செஞ்சியிலிருந்து வல்லத்துப் பக்கம் ஒரு கடிதமும் போட்டதில்லை. பஸ் ஏறினால் அரை மணி நேரம், இதற்கு எதற்குக் கடிதம்? இப்போது, படிக்க நீ இல்லாதபோது எழுத உட்கார்ந்திருக்கிறேன் பார். என் புத்தியை எதால் அடிப்பது.

அறுபதுகளில் அந்த மூக்கு வைத்த பஸ்ஸில் நீ டிரைவர், நான் கண்டக்டர். இரண்டு பேருக்கும் ஒரே வயசு. பஜாரில் எங்கள் குடும்பத்துக்கு மளிகைக் கடை இருந்தது. அங்கே நான் தொட்டதெல்லாம் கெட்டது என்று பெயர். எண்ணெய் டின்னைத் திறந்து போட்டேன், எலி விழுந்தது. வெல்லத்தை நனையவிட்டேன். "இவன் கை பட்டா வெளங்காது" என்று என் அண்ணன் வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே சொல்லுவான். ஒருநாள் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றபோது, பஸ் முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியவன் நீ. "நல்ல ஆளுங்க. பொய் சொல்லமாட்டான். நான் பொறுப்பு" என்றாய். மூன்று வார்த்தை. அதில் நடுவில் இருந்ததுதான் என்னை இன்றைக்கும் குத்துகிறது.

அன்றிலிருந்து உனக்கு நான் 'கடைக்காரரே'. கடையை விட்டு ஓடிவந்தவனுக்கு அந்தப் பெயர்! திட்டும்போது 'டா', மரியாதை வந்தால் 'கடைக்காரரே', இரண்டும் சேர்ந்தும் வரும். "இன்னாடா கடைக்காரரே, சாப்டியா?" என்று நீ கேட்பது காதில் அப்படியே இருக்கிறது.

உனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று சொன்னால் போதாது. உனக்கு வண்டியின் உடம்பு தெரியும். காலையில் முதல் வேலை, ஆயில் குச்சியை உருவி, நுனியில் இருக்கும் எண்ணெயைக் கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் வைத்துத் தேய்ப்பாய். மூக்கில் வைத்து மோந்து பார்ப்பாய். தண்ணீர் சூட்டுக்கு மீட்டர் இருந்தது, எண்ணெய் சூட்டுக்கு மீட்டர் கிடையாது. "தண்ணி சூட்டைக் கண்ணால பாக்கலாம். எண்ணெய் சூட்டை விரல்தான் சொல்லும்" என்பாய். கிளப்பின உடனே வண்டியை விரட்டமாட்டாய். தண்ணீர் ஐந்து நிமிஷத்தில் சூடாகிவிடும், எண்ணெய் நிதானமாகத்தான் சூடாகும், அதற்குள் முடுக்கினால் உள்ளே இரும்பும் இரும்பும் கடித்துக்கொள்ளும் என்பாய். ஜனங்கள் கத்துவார்கள். நீ பீடி பற்றவைத்துக்கொண்டு கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பாய்.

அந்தத் தண்ணீர் மீட்டர், டிரைவர் சீட்டுக்கு எதிரே, உள்ளங்கை அகலத்தில் இருந்தது. வெயில் பட்டுப் பட்டு எண்கள் எல்லாம் உரிந்து போயிருந்தன. வெறும் வெள்ளைத் தட்டு, கறுப்பு ஊசி. அதனால் விழுப்புரத்து மெக்கானிக் கண்ணாடிமேல் சின்னதாகச் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்திருந்தார். ஊசி அந்தப் பொட்டிலோ அதற்குக் கீழேயோ இருந்தால் வண்டி சௌக்கியம். தாண்டினால் நிறுத்து. அவ்வளவுதான் உன் படிப்பு. நீ வேதக்காரன், சட்டைக்குள் ஜெபமாலை போட்டிருப்பாய். நெற்றியில் பொட்டு வைக்காதவன் பொட்டைப் பார்த்து வண்டி ஓட்டுகிறான் என்று நான் கேலி பண்ணுவேன். "நெத்தியில வெச்சா உனக்கு நல்லது, மீட்டர்ல வெச்சா எல்லாருக்கும் நல்லது" என்று பதில் வரும்.

அந்தப் பொட்டு எதற்கு என்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டதெல்லாம் பிற்பாடுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்து ஆயுத பூஜையன்று எனக்கு ஒரு எழவும் தெரியாது.

அன்றைக்கு நாலு நடை ஓட்டிவிட்டு மத்தியானம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாய். மாதா கோயிலில் யாருக்கோ கல்யாணப் பேச்சு என்று கிளம்பினாய். "பூஜை வேலையெல்லாம் உன்னுது, எப்படியோ பண்ணு" என்றாய். எங்கள் கடையில் ஆயுத பூஜை என்றால் தராசு, படிக்கல், பூட்டு, சாவி எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும். போன வருஷத்துப் பொட்டு எதிலும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அது தோஷம். கடையில் வைத்த பேரை வண்டியில் அழிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறினேன். ஸ்டீரிங், கியர் கம்பி, ஹாரன், எதையும் விடவில்லை. மீட்டர் கண்ணாடியில் அழுக்கேறின சிவப்புப் புள்ளி ஒன்று. போன வருஷத்துக் குங்குமம் என்று நினைத்தேன். நாலு தேய் தேய்த்தேன். போய்விட்டது.

பிறகு சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம். எங்கே வைப்பது? ஊசி நின்ற இடத்தில், அதன் நுனிக்கு நேராக, அழகாக இருக்கட்டும் என்று வைத்தேன். வண்டி அப்போதுதான் நின்றிருந்தது. ஊசி நன்றாக மேலே ஏறி நின்றது. நிறுத்திய பிறகு ஏறும் சூடு அது. நான் என்னத்தைக் கண்டேன். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நறுக்கி, கற்பூரம் காட்டினேன். பார்த்தவர்கள் எல்லாம் கல்யாண வண்டி மாதிரி இருக்கிறது என்றார்கள். எனக்குக் கால் தரையில் இல்லை.

மறுநாள் காலை நீ சீட்டில் உட்கார்ந்ததும் உன் முகம் மாறியது.

"டேய், இங்க மெக்கானிக் வெச்ச பெயிண்ட் பொட்டு இருந்துதே, எங்க?"

இவன் கை பட்டால் விளங்காது என்ற அண்ணன் குரல் காதில் கேட்டது. "அதை எடுத்துட்டு, அதே எடத்துல புதுசா வெச்சிருக்கேன்" என்றேன்.

"அதே எடம்தானா?"

"அதே எடம்தான்."

"சரியா பாத்தியா?"

"இன்னாத்துக்கு இத்தினி வாட்டி கேக்கற? அதே எடம்தான்ங்கறேன்."

நீ என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. டூல் பெட்டியிலிருந்து சிவப்புப் பெயிண்ட் டப்பாவை எடுத்தாய். என் குங்குமத்தைச் சுரண்டிவிட்டு, சந்தனத் தடம் இருந்த அதே இடத்தில், தீக்குச்சி முனையால் தொட்டு வைத்தாய். "கடைக்காரர் சொன்னா சரிதான்" என்று மீட்டரைத் தடவிக்கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாய். என் பொய்க்கு உன் கையாலேயே பெயிண்ட் அடித்தாய்.

ஒரு மாதம் போல எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பிறகு விழுப்புரத்தில் வண்டியை விட்டிருந்தபோது மெக்கானிக்கிடம் பேச்சுக் கொடுத்தேன். "நூத்தி எம்பது டிகிரி, அந்தக் கணக்குக்குத்தான் பொட்டு. அதுக்கு மேல ஒரு விரக்கடை போனா கொதிச்சிடும்யா" என்றார். திரும்பி வந்து மீட்டரைப் பார்த்தேன். பொட்டுக்கும் தட்டின் கடைசிக்கும் நடுவே முன்பு ஒரு விரல் இடம் இருந்தது. இப்போது நகக்கண் அளவுதான். நான் பொட்டு வைத்த இடம் கொதிக்கிற இடம் என்று அப்போதுதான் புரிந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன செய்திருப்பாய்? நாலு கெட்ட வார்த்தை. ஒரு டீ. அவ்வளவுதானே. ஆனால் நீ பஸ் ஸ்டாண்டு முழுக்க, "கடைக்காரர் பொய் பேசமாட்டார்" என்று சொல்லிவைத்திருந்தாய். அந்த ஒரு பேரை இழக்க எனக்கு மனசு வரவில்லை. சின்ன வயசு, பெரிய கர்வம். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். தள்ளத் தள்ள அது பாரமாகிக்கொண்டே போனது.

அதற்குப் பிறகு ஓடின ஒவ்வொரு நடையும் எனக்கு நரகம். டிக்கெட் கிழித்துக்கொண்டே எட்டி எட்டி மீட்டரைப் பார்ப்பேன். ஊசி பழைய பொட்டு இருந்த இடத்துக்கு வரும், அதைத் தாண்டும், புதுப் பொட்டை நோக்கி நகரும். நீ நிம்மதியாகப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஓட்டுவாய். முன்பெல்லாம் நிறுத்தி ஆறவிடும் இடத்தில் இப்போது நிறுத்தாமல் போனாய். நிறுத்த வேண்டும் என்று உனக்கு யார் சொல்வது? சொல்ல வேண்டியவன் பின்னால் நின்று சில்லறை எண்ணிக்கொண்டிருந்தான்.

ஆனால் எண்ணெய் உனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. தை மாதத்தில் ஒருநாள் குச்சியை உருவி மோந்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாய். "எண்ணெய் கருகின நாத்தம் அடிக்குதுடா. தண்ணி மாதிரி ஆயிடுச்சி பாரு, விரல்ல நிக்கல." பெல்ட்டை மாற்றினாய். ரேடியேட்டரில் அடைத்திருந்த வேர்க்கடலைத் தூசியை ஊதி எடுத்தாய். எண்ணெயையும் மாற்றினாய். பதினைந்து நாளில் மறுபடியும் கருகல். "தண்ணி சூடு சரியா இருக்குது. அப்பறம் எண்ணெய் ஏன் இப்படிக் காயுது? ஏதோ ஒண்ணு பொய் சொல்லுது, கடைக்காரரே. எண்ணெய் பொய் சொல்லாது." இதைச் சொல்லிக்கொண்டே என்னைத்தான் பார்த்தாய். உனக்குத் தெரிந்துவிட்டதோ என்று எனக்கு உயிர் போனது. நீ என்னைச் சந்தேகப்படவில்லை. யோசிக்கும்போது எதிரே இருப்பவனைப் பார்ப்பது உன் வழக்கம். பெல்ட்டைச் சந்தேகப்பட்டாய், பம்ப்பைச் சந்தேகப்பட்டாய், டீசல் ஊற்றுகிறவனைச் சந்தேகப்பட்டாய். பொட்டை மட்டும் சந்தேகப்படவில்லை.

நம் வண்டிக்குக் கிளீனர் கிடையாது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. நமக்குள் ஒரு கணக்கு இருந்தது: ஊசி பொட்டுக்குக் கீழே இருந்தால் ஈரச் சாக்கைப் போட்டு உடனே மூடியைத் திறக்கலாம். மேலே இருந்தால் ஆறும்வரை தொடக் கூடாது. கணக்கு கெட்டுப் போனது எனக்கு மட்டும் தெரியும். அதனால் ஊசி கீழே இருந்தாலும் நான் சாக்கு நனைக்கிற சாக்கில் பத்து நிமிஷம் ஓட்டுவேன். டீ குடிப்பேன். செருப்பை மாட்டுவேன், கழற்றுவேன். "பயந்தாங்கொள்ளி" என்று நீ சிரிப்பாய். என்னைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு வழி தெரிந்திருந்தது, பார்த்தாயா. உன்னைக் காப்பாற்ற மட்டும் வாய் வரவில்லை.

மாசி அமாவாசை வந்தது. மேல்மலையனூருக்கு நம் வண்டியை ஸ்பெஷலாக விட்டார்கள். உனக்கு நினைவிருக்கும், சாமான் ஏற்றும் கூரை முழுக்க ஆள். சுடுகாட்டில் சூறை விட்டு வாரி இறைப்பதற்கு மூட்டை மூட்டையாகத் தானியம், காய்கறி, வேர்க்கடலை. உயிர்க்கோழிகள். முகத்தில் பச்சையும் சிவப்பும் பூசி அங்காளம்மன் வேஷம் கட்டியவர்கள் படிக்கட்டில் தொங்கினார்கள். வெளியே பம்பை, உள்ளே பம்பை. வளத்தி ஊர் தாண்டியதும் ரோடு முழுக்க நடந்து போகிற ஜனம். அவர்கள் பின்னால் முதல் கியரிலேயே ஊர்ந்தோம். காற்றே இல்லை. போனட்டுக்கு மேலே வெயில் கானல் மாதிரி நடுங்கியது.

"இன்னாப்பா, கால்கிட்ட அடுப்பு மாதிரி அனல் அடிக்குது" என்று முன்சீட்டில் ஒரு அம்மாள் சொன்னாள். நான் கூட்டத்தில் நுழைந்து உன் பக்கம் வந்தேன். ஊசி பொட்டைத் தொடப் போகிறது. பக்கத்து மீட்டரில் ஆயில் பிரஷர் ஊசி எப்போதும் இல்லாத அளவு கீழே இறங்கிக் கிடந்தது. நீ அதைத் தட்டிப் பார்த்தாய்.

"நிறுத்திடலாமா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"தண்ணி பொட்டுக்குக் கீழதான் இருக்குது. அதோ கெணறு தெரியுது பாரு, அங்க நிறுத்தி ஊத்திக்கினு போலாம்."

கிணற்றோரம் நிறுத்தி இன்ஜினை அணைத்தாய். ஊசி பொட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது. ஜனங்கள் கூச்சல் போட ஆரம்பித்தார்கள். சூறை விடுவதற்குள் போய்ச் சேரவேண்டும், நிறுத்தாதே, எடு எடு என்று பின்னாலிருந்து தகரத்தைத் தட்டினார்கள்.

"கடைக்காரரே, எறங்கி ஊத்து. கத்தறாங்க பாரு."

"இன்னும் நாலு டிக்கெட் பாக்கி இருக்குது" என்றேன்.

பாக்கி இல்லை. எல்லாம் போட்டு முடித்தாகிவிட்டது. கையில் டிக்கெட் கட்டை விரித்து வைத்துக்கொண்டு யாரையோ தேடுகிற மாதிரி நின்றேன். என் வாயிலிருந்து வந்த இரண்டாவது பொய் அது. முதல் பொய்யைக் காப்பாற்ற வந்த பொய்.

நீ சிரித்தாய். "பயந்தாங்கொள்ளி! நீ டிக்கெட் போடு, நானே தொறக்கறேன்." கதவைத் திறந்துகொண்டு குதித்தாய். சாக்கை நனைத்தாய். பம்பரில் ஒரு கால், போனட்டில் ஒரு கை. முன்கண்ணாடி வழியாக உன் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது. ஸ்பிரிங் வைத்த மூடி அது, உள்ளே கொதிப்பதை அழுத்திப் பிடித்திருக்கும். நிறுத்தின இன்ஜினில் சூடு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. ஊசியைப் பார்த்தேன். அது பொட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. நீ அந்தப் பக்கம் இருந்தாய், உனக்குத் தெரியாது.

விசில் என் வாயில் இருந்தது. ஆமாம், விசில் என் வாயிலேயே இருந்தது. நாம் இருவரும் ஓட்டிய அத்தனை மைலிலும் ஒரு விசிலுக்கு நீ நிற்காமல் போனதில்லை. ஊதியிருந்தால் பழக்கத்தில் திரும்பியிருப்பாய். நான் ஊதவில்லை. ஏன் ஊதவில்லை என்று இந்த வயசுவரை யோசித்துப் பார்க்கிறேன். ஊதினால், ஏன் ஊதினாய் என்று நீ கேட்பாய். அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதுதான் காரணம். வேறு காரணம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தேடுகிறேன், கிடைக்கவில்லை.

சத்தம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. பெரிய மூச்சு விட்ட மாதிரி. வெள்ளையாகக் கிளம்பியது. உன் முகம் அதற்குள் போய்விட்டது. பம்பை நிற்கவில்லை. நீ அலறிக்கொண்டு தரையில் விழுந்து புரண்டபோது, முன்சீட்டு அம்மாள், "ஆத்தா வந்துட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நாலைந்து பேர் கும்பிட்டார்கள். கடவுளே, அவர்கள் உன்னைக் கும்பிட்டார்கள்.

இடது கண் போனது. கன்னம், கழுத்து, தோள் எல்லாம் வெந்தது. ஆஸ்பத்திரியில் முகம் முழுக்கக் கட்டு போட்டிருந்தார்கள், வாய் மட்டும் தெரிந்தது. உன் மனைவி ஆரோக்கியமேரி கைக்குழந்தையோடு கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் வந்த சத்தத்தைக் கேட்டு நீ கையை நீட்டினாய். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முதல் வார்த்தையாகக் கேட்டாய்:

"கடைக்காரரே, பொட்டுக்குக் கீழதானே இருந்துது?"

"ஆமாடா. கீழதான் இருந்துது."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். கீழதான்."

"அப்பறம் எப்படிடா?"

முதலாளி வந்தார், விசாரித்தார். டிரைவர் அவசரப்பட்டுவிட்டான், ஊசியைச் சரியாகப் பார்க்கவில்லை என்று எல்லாரும் ஒரே முடிவாகச் சொன்னார்கள். நீ இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாய். நாலு நாள் ஆட்டினாய். ஐந்தாம் நாள் ஆட்டவில்லை. அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கண் போனதைவிட அதுதான்டா கொடுமை. லைசென்ஸ் போய் வல்லத்துப் பக்கம் உன் ஊருக்குத் திரும்பினாய், வேர்க்கடலை போட்டாய். வலது கண் உனக்கு நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் நீ அதை நம்பவில்லை. கிணற்றில் ஆயில் இன்ஜின் வைத்தபோது, ஊர் முழுக்க உன்னைக் கேட்டுத்தான் இன்ஜின் வாங்கினார்கள், நீ மட்டும் உன் இன்ஜினைத் தொடமாட்டாய். குச்சியை உருவி மோந்து பார்க்கக்கூட மனைவியைக் கூப்பிடுவாய். "நீ பாரு, எனக்குப் பாக்கத் தெரியாது." பாலில் பொங்கு வருகிறதா என்று இரண்டு பேரைக் கேட்பாய். விரல் நுனியில் எண்ணெயின் சூட்டைச் சொன்ன மனுஷன்! ஊரில் உனக்கு 'அவசரம்' என்று பேர் வைத்தார்கள். நீ அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்க்கவும் பழகிவிட்டாய்.

வருஷத்துக்கு நாலு தடவையாவது உன்னைப் பார்க்க வருவேன். வேர்க்கடலை வறுத்து வைத்திருப்பாய். ஊர்க்கதை பேசுவோம், சிரிப்போம். கிளம்பும்போது ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டைப் பிடிப்பாய். அதே கேள்வி. அதே பதில். கடைசியாகப் பங்குனியில் கட்டிலில் கிடந்தபோதும் பிடித்தாய். பிடியில் பலமே இல்லை.

"கீழதானே இருந்துது?"

"கீழதான்டா."

நீ ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டாய். எத்தனை தடவை சொல்லியிருப்பேன் அந்த வார்த்தையை. நீ பார்த்து இறங்கியபோது ஊசி கீழேதான் இருந்தது, ஒரு தடவைகூட அது பொய் இல்லை. அதுதான் அதில் இருக்கிற விஷம்.

உன் அடக்கத்தன்று, ஆஸ்பத்திரியில் கைக்குழந்தையாக இருந்த உன் மகள் செபமாலை, இப்போது அவளுக்கே தலை நரைத்துவிட்டது, வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க நைனா ஊசியைச் சரியா பாக்காம தொறந்துட்டாரு. அவரே சொல்லுவாரு, தப்பு என்னுதுதான்னு." நான் பக்கத்தில்தான் நின்றேன். கையில் மெழுகுவத்தி. வாய் அன்றைக்கும் வரவில்லை.

இன்று என் பேத்தி பூஜை முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்த மீட்டரில் எவ்வளவு சூடு காட்டினால் சரி என்று கேட்டேன். கிழவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைக்காமல் பொறுமையாகச் சொன்னாள். தண்ணீர் எண்பதிலிருந்து தொண்ணூற்றைந்துக்குள் இருந்தால் சரியாம். நெரிசலில் நூறைத் தாண்டும், அப்போது ஃபேன் போட்டுக்கொள்ளும். எண்ணெய் எப்போதும் அதைவிடப் பத்து இருபது கூடவே இருக்குமாம். "காலையில தண்ணி சீக்கிரம் சுட்டுடும் தாத்தா, எண்ணெய் சுட லேட் ஆவும். அதுவரைக்கும் முறுக்கக் கூடாது" என்றாள். நீ பீடி பிடித்துக்கொண்டு சொன்ன அதே வார்த்தை.

"அந்தக் காலத்து நூத்தி எம்பது, இந்தக் கணக்குல எவ்வளவும்மா?" என்றேன். போனில் தட்டிப் பார்த்து, "அது ஃபாரன்ஹீட் தாத்தா. இப்போ செல்சியஸ்ல எம்பத்தி ரெண்டு" என்றாள். எழுந்து போய் தகரப் பெட்டியைத் திறந்தேன். அந்த பஸ்ஸை உடைத்துப் போட்டபோது மெக்கானிக்கிடம் கெஞ்சி வாங்கி வந்த மீட்டர் அதில் இருக்கிறது. இத்தனை வருஷம் யாருக்கும் காட்டியதில்லை. எண்கள் உரிந்தாலும், அச்சு பதிந்த தடம் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் லேசாகத் தெரிகிறது. அவள் கண்ணுக்குத் தெரிந்தது. "இந்தச் சிவப்புப் பொட்டு இருநூத்தி அஞ்சுகிட்ட இருக்குது தாத்தா. அப்படின்னா தொண்ணூத்தாறு. அந்தக் காலத்து வண்டிக்கு இது கொதிக்கற சூடாச்சே. இதைப் போயி யாரு இங்க வெச்சது?"

"நான்தான்" என்றேன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தை வெளியே வந்தது. அவள் என்னையே பார்த்தாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவள் முகத்தில் எனக்கு ஆறுதலாக எதுவும் இல்லை. இருக்கவும் வேண்டாம்.

நாளைக்குக் காலை என்னைப் பின்னால் உட்காரவைத்து உன் ஊருக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். மீட்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். செபமாலையிடம் அதைக் கொடுத்து, இந்தக் கடிதத்தை ஒரு எழுத்து விடாமல் படித்துக் காட்டப் போகிறேன். அவள் விளக்குமாற்றை எடுத்தாலும் சரி, படித்துவிட்டுத்தான் அடி வாங்குவேன். தன் நைனாவுக்குப் பார்க்கத் தெரியும், அந்த ஊரிலேயே அவனைப் போல் பார்க்கத் தெரிந்தவன் கிடையாது என்று அவளும் கேட்க வேண்டும், உன்னை 'அவசரம்' என்று கூப்பிட்ட தெருவும் கேட்க வேண்டும். அதன் பிறகு உன் கல்லறைக்கு வருகிறேன்.

நீ மணிக்கட்டைப் பிடிக்கமாட்டாய். இருந்தாலும் கேட்ட கேள்விக்குப் பதிலை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். பொட்டுக்குக் கீழேதான் இருந்ததுடா. நீ சரியாகத்தான் பார்த்தாய். பொட்டுதான் மேலே இருந்தது. அதை அங்கே வைத்தவன் நான்.